கீழிருந்து மேலாக

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. பாளையங்கோட்டை வரைக்கும் நின்னுட்டா வருவிய? இந்த சீட்டுல மூணு பேர் உக்காரலாம். ஏட்டையாவைப் பாத்துப் பயப்படாதீங்க. பாவம், விடியக்காலம் எந்திரிச்ச ஆளு, பஸ்ஸு தூத்துக்குடியைத் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாரு. ஆனா கையை விட மாட்டாரு. பாருங்க, விரலோட விரல் கோத்துப் புடிச்சிருக்காரு. விலங்கு போடக் கூடாதாம்லா, சட்டமாம். அதான் இப்படி. பாக்கவன் என்னமும் நினைச்சிக்கிடட்டும்.

ஆமா, ஜெயிலுக்குத்தான். கோர்ட்டுக்கு வந்துட்டுத் திரும்புதோம். கொலை கேஸு. ஏன் நகருதிய? உக்காருங்கன்னா. உங்களுக்கும் எனக்கும் என்ன பகை? பதினாலு மாசமா உள்ள கெடக்கேன், வெளியாள் ஒருத்தர்ட்ட பேசி எம்புட்டு நாளாச்சு தெரியுமா.

இன்னைக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த மாசம் வீட்டுல இருந்திருப்பேன். "பொய்". அம்புட்டுத்தான். சாட்சியெல்லாம் முடிஞ்ச பெறவு ஜட்ஜு நம்மளைக் கூண்டுல நிறுத்தி, இன்னாரு இப்படிச் சொல்லியிருக்காரு, நீ என்ன சொல்லுதன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாவ. லூர்து வக்கீல் காலையிலயே சொல்லிட்டாரு. "பொன்சிங்கு, அவுங்க என்ன கேட்டாலும் பொய், பொய், பொய். வேற ஒரு எழுத்து உன் வாயில இருந்து வரக் கூடாது." சின்னப் புள்ளைகூடச் சொல்லிரும். நானும் ஏழு கேள்விக்குச் சொன்னேன். எட்டாவது கேள்வியிலதான் எளவு மாட்டிக்கிட்டு.

முதல்ல இருந்து சொல்லணும். இல்லைன்னா நீங்களும் என்னையக் கிறுக்குப்பயன்னுதான் நினைப்பிய.

நீங்க பேஸ்பால் பாத்திருக்கியளா? டிவியிலகூட? பாத்திருக்க மாட்டிய. நம்ம ஊருல அந்தப் பேட்டு எதுக்கு விக்காவன்னு உங்களுக்கே தெரியும். மொத மொதல்ல நான் கடையில போயி பேஸ்பால் பேட்டு வேணும்னு கேக்கேன், கடைக்காரன் "எந்த வண்டிக்கு?"ன்னு கேக்கான். சீட்டுக்கு அடியில வைக்க அளவு பாக்கானாம். பந்து இருக்கான்னு கேட்டேன். அதுக்குப் பந்து வேற உண்டுமான்னான் அந்த மூதி. அடிதடிக்குன்னே செஞ்ச சாமான்னு நினைச்சிருக்கான். விளையாட்டு அண்ணாச்சி அது. பெரிய விளையாட்டு.

உப்பளத்துக்குப் பக்கத்துல ஒரு பொட்டல், அங்கதான் எங்க விடிவெள்ளி கிளப்பு. பதினாலு பேரு. துறைமுகத்துல மூட்டை தூக்குறவன், ஐஸ் பாக்டரிக்காரன், ரெண்டு மெக்கானிக்கு. நான் லேத்துப் பட்டறை. கேப்டன் ஆசீர். ஆசீர் யாருன்னா என் தங்கச்சி கனியோட புருசன், என் மாப்ள. அவனைக் கொன்ன கேஸுலதான் நான் உள்ள இருக்கேன்.

அவன் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். நல்லா எறிவான், நல்லா ஓடுவான். அவனைக் கெடுத்தது ஒரு நோட்டு. எங்கயோ வடக்க பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போயிட்டு நாப்பது பக்கம் எழுதிட்டு வந்தான். அன்னையில இருந்து அதுதான் வேதம். பேட்டை மேலருந்து கீழ வெட்டு, வெறகு பொளக்க மாதிரி. பின் முழங்கையைத் தோளுக்கு மேல தூக்கு. தரையில பூச்சியை நசுக்க மாதிரி பின்காலைத் திருகு. பந்து பேட்டுல படுறதைக் கண்ணால பாரு. எல்லாம் தப்பு அண்ணாச்சி! ஒண்ணுகூட சரி கெடையாது. உலகம் பூரா ஒருத்தன் சொன்னதை ஒருத்தன் சொல்லிச் சொல்லி, யோசிக்காம சொல்லிட்டுத் திரியுதான்.

யோசிச்சிப் பாருங்க. பந்து எறியுறவன் மேட்டு மேல நிக்கான். பந்து மேலருந்து எறங்கி வருது. எறங்கி வாற பந்துக்கு எதிர, பேட்டு கொஞ்சம் ஏறிப் போனாத்தான் ரெண்டும் ஒரே தடத்துல சந்திக்கும். நீ மேலருந்து வெட்டுனா ரெண்டும் ஒரே ஒரு இடத்துலதான் ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டும். அதுல தப்புனா போச்சு. பட்டாலும் தரையிலதான் உருளும். அப்புறம் கண்ணு. அம்புட்டு வேகத்துல வாற பந்து பேட்டுல படுறதை எவன் கண்ணும் பாக்க முடியாது, கடைசி ரெண்டு அடி குருட்டுத்தான். பின்காலு பூச்சியை நசுக்கிட்டு நிக்காது, உடம்பு பூரா முன்னால போனா அது தானா தூக்கிக்கிடும். பலம் கையில இல்ல, இடுப்புல இருக்கு. லேத்துல கட்டையைப் புடிச்சிருக்க சக்கு சுத்தாம உளியை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னா ஏதாவது கடையுமா?

இதை நான் எந்த முகாமுலயும் படிக்கலை. புன்னைக்காயில படிச்சேன். காலேஜு சேந்த புதுசுல பந்து கெடையாது. கோயில் வளாகத்துல பெரிய புன்னை மரம் நிக்கும். காஞ்ச காயைச் சாக்கு நிறையப் பொறுக்கிட்டு வருவோம். கனி எறிவா, நான் கம்பை வச்சி அடிப்பேன். அப்ப அவளுக்குப் பதினாலு வயசு. புன்னைக்கா எம்புட்டுச் சின்னது, பாத்திருப்பிய. அதை அடிச்சிப் பழகிட்டா பேஸ்பால் பந்து பூசணிக்கா மாதிரித் தெரியும்.

அவ எறிஞ்சா எறிஞ்சதுதான். அந்தச் சத்தத்தை வச்சே சொல்லிருவா. "அண்ணே, இன்னைக்குத் தோளு முந்துது." "அண்ணே, இடுப்பு தூங்குது." கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவா. ஒரு தடவை கவனமில்லாம கண்டபடி எறிஞ்சான்னு ஓங்கி ஒரு அறை விட்டேன். உதடு கிழிஞ்சி ரத்தம் வந்துட்டு. பாவாடையில துடைச்சிட்டு அடுத்த காயை எடுத்து எறிஞ்சா பாருங்க. விளையாட்டு மேல அம்புட்டு அக்கறை அவளுக்கு. பதினெட்டு வருசம் எறிஞ்சா அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்ச பெறவும் சாயந்தரம் சாயந்தரம் வந்து எறிஞ்சா.

ஆசீருக்கு அவளைக் கட்டிவச்சதே நான்தான். கூட்டாளி, கேப்டன், சொந்த வீடு. வேற என்ன வேணும்? கொஞ்சம் கை நீட்டுவான். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு நாள் கண்ணு வீங்கிப் போயி வந்து நிப்பா. கதவுல இடிச்சிட்டியான்னு கேப்பேன். ஆமாம்பா. சரி, எறின்னு சொல்லுவேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள நடுவுல போயி நான் என்னத்தக் கேக்க? ஒரு தடவை வலது மணிக்கட்டு பொதபொதன்னு வீங்கியிருந்துச்சு. ரெண்டு மாசம் இடது கையாலயே எறிஞ்சா. எனக்கு அது நல்லதாப் போச்சு பாத்துக்கிடுங்க. இடது கையால எறியுறவன் எவன் வந்தாலும் அந்த வருசம் நான்தான் வெளுத்தேன்.

பொட்டல்லயும் அவன் அப்படித்தான். கையில ஒரு சவுக்குக் கம்பு வச்சிருப்பான். முழங்கை எறங்குனா முழங்கையில ஒண்ணு. பின்காலு தூக்குனா கணுக்காலுல ஒண்ணு. ஐஸ் பாக்டரி சேர்மத்துரைக்கு முட்டி பெசகி மூணு வாரம் ஐஸுக்கட்டி தூக்க முடியலை. அந்தப் பயலும் கேக்கலை, நாங்களும் கேக்கலை. கேப்டன்லா.

என்னைய மட்டும் அவனால ஒண்ணும் பண்ண முடியலை. நான் அடிச்சா பந்து உப்பளத்துல போயி விழும், அவன் என்னத்தச் சொல்ல? ஆனா ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். "மச்சான், இது சும்மா ஊதுறது. கீழருந்து மேல போற அடியில பலம் இருக்கவே இருக்காது. ஒரு ஈயைக்கூட சாகடிக்க முடியாது." பத்து வருசமா இதே பாட்டு. கறிச்சோறு தின்னும்போது, சவ ஊர்வலத்துல போகும்போதுகூடச் சொல்லியிருக்கான். அவன் நடிக்கலை அண்ணாச்சி. மனசார நம்புனான். இதை நல்லா ஞாபகம் வச்சிக்கிடுங்க.

போன வருசம் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்காவ. எனக்கு முப்பத்தாறு ஆச்சு, இதை விட்டா வேற வாய்ப்பு கெடையாது. எங்க மாவட்டத்துக்கு ஆள் எடுக்கது ஆசீர். செலக்சன் அன்னைக்கு நான் மூணு பந்தை உப்பளத்துக்கு அனுப்புனேன். பாத்தி வெட்டிக்கிட்டிருந்த பொம்பளையளு எல்லாம் குய்யோ முறையோன்னு ஓடுனாவ. பேரை வாசிக்கான், என் பேரு இல்ல. ஏம்லேன்னு கேட்டேன். "முறைப்படி இல்ல மச்சான்"ங்கான். முறையாம்! அத்தனை பயலுவ முன்னாலயும் சவுக்குக் கம்பால என் முழங்கையில விட்டான் ஒண்ணு. "தூக்குலே இதை!"

நான் தலையால முட்டுனேன். மூக்குத் தண்டு நொறுங்குறது என் நெத்தியில தெரிஞ்சிச்சு. அவன் என் தலைமுடியைப் புடிச்சி முட்டுக்காலால வயித்துல ஏத்துனான். நான் அவன் காதைக் கடிச்சேன், அவன் என் விரலை மடக்கி ஒடிச்சான். பாருங்க, இந்தச் சுண்டுவிரல் இன்னைக்கும் நேரா நிக்காது. எட்டுப் பேரு சேந்துதான் பிரிச்சாவ. கீழ கெடந்த உப்பு பூரா சொட்டுச் சொட்டா ரத்தம். போறப்ப என் பேட்டை எடுத்துட்டுப் போயிட்டான் அண்ணாச்சி. கிளப்புச் சாமானாம். பூவரசங்கட்டையில நானே கடைஞ்ச பேட்டு அது. லேத்துல ஏத்தி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் குடுத்து, கைப்புடியை என் உள்ளங்கை அளவுக்குக் கடைஞ்சி வச்சிருந்தேன். அதுல இன்னொருத்தன் கை படக் கூடாது.

மறுநா ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சி நேரா அவன் வீட்டுக்குப் போனேன், பேட்டை வாங்க. வேற எதுக்கும் இல்ல. மத்தியானம் பன்னெண்டு இருக்கும். முன்னால யாரும் இல்ல. அடுப்புல கறி கொதிக்க வாசனை. பின்னால துவைகல்லுப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன்.

அவன் கனியை அடிச்சிக்கிட்டிருந்தான். என் பேட்டை வச்சி. அவ சுவரோரமாச் சுருண்டு கெடக்கா. முதுகுல, தொடையில, கெண்டைக்காலுல மாறி மாறி விழுது. என் மேல இருந்த கோவத்தை அவகிட்டத் தீத்திருக்கான். "உங்கண்ணன்கிட்டச் சொல்லு! சொல்லுட்டீ!"ன்னு ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம். அவ கத்தலை. வாயில சேலையை அடைச்சிக்கிட்டுக் கெடந்தா.

நான் என்னத்தப் பாத்தேன் தெரியுமா? அவன் முழங்கையைப் பாத்தேன். தோளுக்கு மேல தூக்கி வச்சிருக்கான். தலைக்கு மேல கொண்டு போயி வெறகு பொளக்க மாதிரி வெட்டுதான். பின்காலைத் தரையில திருகுதான். உடம்பெல்லாம் வலிச்சிச்சுன்னா பாருங்க எனக்கு! என் பேட்டை வச்சி! அப்படி அடிச்சா மரத்து ரேகைக்குக் குறுக்க பட்டு ஒடிஞ்சிரும் அது. அடிக்கதையாவது ஒழுங்கா அடிக்கத் தெரியுதா மூதிக்கு?

தங்கச்சியை அடிக்கான்னு கோவம் வரலையான்னு கேப்பிய. வந்துச்சு. வராம என்ன, மனுசன்தானே. ஆனா பதினோரு வருசமா வராத கோவம் அன்னைக்கு மட்டும் எப்படி வரும்? எனக்குத் தெரியலை. எல்லாரும் நான் அவளுக்காக அடிச்சேன்னு நினைக்காவ. அவளும் அப்படித்தான் நினைக்கான்னு வக்கீல் சொன்னாரு. நான் போனது பேட்டுக்கு அண்ணாச்சி. சத்தியமாப் பேட்டுக்குத்தான்.

புடுங்கிட்டேன். குடிச்சிருந்தான், லேசா வந்துட்டு. என் கையில பேட்டைப் பாத்ததும் ஓடியிருக்கணும்லா? ஓடலை. சிரிச்சான். மூக்குல பஞ்சு வச்சிருக்கான், அதோட சிரிக்கான். ரெண்டு கையையும் இடுப்புல வச்சிக்கிட்டுத் தாடையை நீட்டுனான். "அடி மச்சான். உன் ஸ்விங்குல அடி. கீழருந்து மேல சுத்து பாப்போம். எனக்கு வலிக்கவாவது செய்யுதான்னு பாப்போம்."

நான் மேலருந்து ஓங்கியிருந்தா அவன் விலகியிருப்பான். எகிறிக் குதிச்சி ஓடியே போயிருப்பான். அவன் நோட்டுப்படி அதுதான பலமான அடி? நான் பேட்டைத் தோளுப் பக்கமா எறக்கி, முழங்கையைத் தளர விட்டுச் சாதாரணமா நின்னேன். அதைப் பாத்ததும் அவனுக்குப் பயமே விட்டுப் போச்சு. அசையாம நின்னான் அண்ணாச்சி. அந்தப் பய அம்புட்டு நம்பிட்டான்.

முன்காலை வச்சேன். இடுப்பு திரும்புச்சு. கை கடைசியிலதான் வந்துச்சு, அப்படித்தான் வரணும். பின்காலு தானாத் தரையை விட்டுத் தூக்கிச்சு. பேட்டு கொஞ்சம் எறங்கி, ஏறி வந்து, இடது தாடைக்குக் கீழ பட்டுச்சு. படுறதை நான் பாக்கலை. யாராலயும் பாக்க முடியாது. ஆனா சுத்தமாப் பட்டா கையில ஒண்ணுமே தெரியாது பாத்துக்கிடுங்க, காத்துல சுத்துன மாதிரி இருக்கும். அப்படி இருந்துச்சு. என் வாழ்க்கையிலயே அம்புட்டுச் சுத்தமா நான் அடிச்சது கெடையாது. அவன் துவைகல்லு மேல சரிஞ்சி, அங்க இருந்து தரைக்கு வந்தான். காலு ரெண்டும் ஒரு தடவை உதறுச்சு. வாயில இருந்து பல்லும் ரத்தமுமா வழிஞ்சிது. அம்புட்டுத்தான்.

கனி சுவரைப் பாத்துக் கெடந்தவ திரும்பிப் பாக்கலை. சத்தம் கேட்டிருப்பா. பெறவு சுவரைப் புடிச்சி எந்திரிச்சி வந்து என் கையில இருந்து பேட்டை வாங்குனா. துவைகல்லுல போட்டுத் தேச்சிக் கழுவுனா. "அண்ணே, நீ போ. நீ இங்க வரவே இல்லை"ன்னா. நடந்து வெளிய வந்தேன். எதுத்த வீட்டுக்காரி வாசல்ல நின்னு கறிவேப்பிலை உருவிக்கிட்டிருந்தா, பாத்துட்டா. சாயந்தரம் பட்டறையில வச்சே புடிச்சிட்டாவ.

இப்ப கேஸுக்கு வாங்க. நான் வீட்டைவிட்டு வந்ததை ஒருத்தி பாத்திருக்கா. அடிச்சதைப் பாத்த சாட்சின்னு போலீஸு சேத்தது ஒரே ஒரு ஆளு. கனி. அவ ஆசீர் வீட்டுலதான் இருக்கா, அவன் அண்ணன்மாரு ரெண்டு பேரும் கூடவே இருக்கானுவ. பொம்பளப் புள்ள ஒண்ணு வேற இருக்கு அவளுக்கு. பாக்கலைன்னு சொன்னா அன்னைக்கே புள்ளையைப் புடுங்கிட்டு அவளை வெளிய தள்ளியிருப்பானுவ. அதனால கூண்டுல ஏறுனா. அண்ணன் அடிச்சதைப் பாத்தியான்னு கேட்டாவ. பாத்தேன்னா. ஆசீர் அண்ணன்மாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்படி அடிச்சான்னு கேட்டாவ. "பேட்டைத் தலைக்கு மேல ரெண்டு கையாலயும் தூக்கி, வெறகு பொளக்க மாதிரி மேலருந்து உச்சந்தலையில அடிச்சாரு"ன்னு சொன்னா.

எனக்கு உச்சியில ஏறிட்டு. கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். எவ சொல்லுதா? கண்ணை மூடிக்கிட்டு என் ஸ்விங்கைச் சொல்லுறவ சொல்லுதா! தலைக்கு மேல தூக்குனேனாம்! அது ஆசீர் ஸ்விங்கு! அந்த எழவெடுத்த நோட்டுல உள்ள ஸ்விங்கு!

அடுத்த நாள் பிரேதப் பரிசோதனை பண்ணுன டாக்டரு வந்தாரு. உச்சந்தலையில ஒரு கீறல்கூட இல்லைன்னாரு. காயம் இடது தாடைக்குக் கீழ, விசை கீழிருந்து மேலாகப் போயி மண்டையோட்டு அடியெலும்பு முறிஞ்சிருக்குன்னாரு. லூர்து வக்கீல் எந்திரிச்சாரு. குடிச்சிட்டு வழுக்கி விழுந்து துவைகல்லு ஓரத்துல தாடை இடிச்சா இப்படி ஆகுமான்னு கேட்டாரு. ஆகலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. வக்கீலுக்குச் சந்தோசம் தாங்கலை. வெளிய வந்து என் தோளைத் தட்டுதாரு. "முடிஞ்சிதுடே. பாத்த சாட்சி சொல்லுறது ஒண்ணு, காயம் சொல்லுறது ஒண்ணு. இனி கேஸு நிக்காது."

"அவ தப்பாச் சொல்லிட்டா சார்"னு நான் சொன்னேன்.

"சரியாத்தான்டே சொல்லியிருக்கு அந்தப் புள்ள. நீ வாயை மூடிக்கிட்டு இரு."

"உச்சந்தலையிலன்னு சொன்னாளே சார்!"

என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. கேஸுக் கட்டைக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டாரு. அவருக்கு விளையாட்டு தெரியாது அண்ணாச்சி.

ஒரு மாசம் எனக்குத் தூக்கமே கெடையாது. உள்ள எல்லாரும் கேக்கானுவ, தலையில ஒரே போடாப் போட்டியாமேன்னு. ஒருத்தன் கையை மேல தூக்கி நடிச்சிக் காட்டுதான். அவன் பல்லு ரெண்டைப் பேத்துட்டேன், பதினைஞ்சு நாள் தனிக் கொட்டடி. எழுதியாச்சுல்லா கோர்ட்டுல? காலத்துக்கும் அங்கதான் கெடக்கும், பொன்சிங் தலைக்கு மேல தூக்கி அடிச்சான்னு. ஆசீர் செத்தும் ஜெயிச்ச மாதிரி ஆயிட்டு.

இன்னைக்கு எட்டாவது கேள்வி. அந்தம்மா, ஜட்ஜம்மா, நல்ல அமைதியா வாசிக்காவ. "உங்கள் தங்கை ஜெபக்கனி, நீங்கள் மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கி, மேலிருந்து கீழாக, விறகு பிளப்பதைப் போல அடித்ததாகச் சாட்சியம் சொல்லியிருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?"

"பொய்யம்மா"ன்னு சொன்னேன். உண்மைதான? பொய்தான அது? அதோட விட்டிருக்கணும். லூர்து வக்கீல் என்னைப் பாத்து போதும்னு அழுத்தமா தலையை ஆட்டுதாரு. என்னால முடியலை அண்ணாச்சி. "அம்மா, என் வாழ்க்கையில ஒரு நாளும் நான் மேலருந்து அடிச்சது கெடையாது. நான் அடிச்சது கீழருந்து மேல. டாக்டரு சொன்னதுதான் சரி"ன்னு சொல்லிட்டேன். சொன்னதோட நிக்கலை. கூண்டுக்குள்ளயே முன்காலை வச்சி, இடுப்பைத் திருப்பி, வெறுங்கையால சுத்தியும் காட்டிட்டேன். எடம் பத்தலை, சுண்டுவிரல் கம்பியில இடிச்சிட்டு.

டைப்படிக்கவன் கையை நிப்பாட்டிட்டான். வக்கீல் கேஸுக் கட்டை மூடி அப்படியே உக்காந்துட்டாரு. பின்னால ஒரு மாதிரி ஒரு குரலு, ஆட்டுக்குட்டி கழுத்துல கயிறு இறுகுன மாதிரி. கனிதான். வருவான்னு எனக்குத் தெரியாது.

வராந்தாவுல வந்து குறுக்க நின்னா. ஏட்டையா தள்ளுதாரு, நகர மாட்டேங்கா. மெலிஞ்சிட்டா. வலது மணிக்கட்டு இன்னும் கோணலாத்தான் இருக்கு. என் சட்டையைக் கொத்தாப் புடிச்சா. கன்னத்துல மாறி மாறி அறைஞ்சா அண்ணாச்சி, அத்தனை பேரு முன்னால. இந்தா பாருங்க, நகம் பட்ட தடம். "பதினெட்டு வருசம் எறிஞ்சவளுக்கு நீ எப்படி அடிப்பேன்னு தெரியாதுன்னா நினைச்ச? தெரியாதுன்னா நினைச்ச நீ?" இதையே திருப்பித் திருப்பிக் கேக்கா. ஆசீர் அண்ணன்மாரு ரெண்டு பேரும் தூண்ல சாஞ்சிக்கிட்டு அவளையே பாத்துட்டு நிக்கானுவ. சிரிப்பெல்லாம் இல்ல இப்ப.

தெரியும்னா பெறவு எதுக்குட்டீ தப்பாச் சொன்னன்னு நான் கேட்டேன். அவ சட்டையை விட்டுட்டா. அவனுவ பின்னாலயே நடந்து போயிட்டா.

வாகைக்குளத்துல இருந்து அதைத்தான் யோசிச்சிட்டு வாரேன். கனியும் பொம்பளதான, கோர்ட்டுல பதறியிருப்பா, வாயில வந்ததைச் சொல்லியிருப்பா. அப்படித்தான இருக்கும்? நீங்க சொல்லுங்க. ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

எது எப்படியோ, நான் சொன்னதை அந்தம்மா வரிக்கு வரி டைப்படிக்கச் சொன்னாவ. வாசிச்சும் காட்டுனாவ. "மேலிருந்து கீழாக அல்ல, கீழிருந்து மேலாக அடித்தேன்." இருவது வருசத்துல என் ஸ்விங்கை ஒரு ஆளு சரியா எழுதுனது இதுதான் மொத தடவை. கீழ கையெழுத்தும் போட்டுட்டேன்.

வல்லநாடு வந்துட்டு, எறங்குதியளா? பாளையங்கோட்டைன்னுல்லா சொன்னிய. சரி, எறங்குங்க. பாத்து.

அவ அந்த வீட்டுக்குத்தான போயிருப்பா? இப்ப அவனுவளுக்கும் தெரிஞ்சி போச்சுல்லா, அவ என்ன பண்ணான்னு. அவனுவளுக்கும் தெரிஞ்சி போச்சு.

கையெழுத்துப் போடும்போது கை ஆடலை. இப்ப ஆடுது. ஏட்டையா, எந்திரிங்க. ஏட்டையா. கையைக் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிக்கிடுங்க.